இசபெல்லாவோட நாலு பொண்ணுங்க

போன ஜனவரில லண்டன்ல இருக்கற தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு நாள் வீட்ல எல்லாரும் வேலைக்கு, ஸ்கூலுக்குன்னு கிளம்பினதும் நானும் கிங்ஸ் கிராஸ்ல ரயில் ஏறி பீட்டர்பரோ போயிட்டு வந்தேன், ஒரு மணி நேரம் கூட ஆகல. அந்த ஊர் கதீட்ரலுக்குள்ளதான் அரகான் கேத்தரினைப் புதைச்சிருக்காங்க. ரொம்ப வருஷமா போகணும்னு மனசுல வச்சிருந்த எடம். தரையோட தரையா ஒரு கல்லு, அதுக்கு மேல தங்க நிறத்துல பெரிய பெரிய எழுத்து, 'கேத்தரின், இங்கிலாந்து ராணி'ன்னு. கல்லு மேல யாரோ மாதுளம்பழம் வச்சுட்டுப் போயிருந்தாங்க. மாதுளை அவளோட சின்னம். கிரனடான்னா ஸ்பானிஷ்ல மாதுளைதான், 1492ல அந்த ஊரை அவளோட அப்பா அம்மா பிடிச்சாங்க, அங்கேர்ந்துதான் 1501ல பதினஞ்சு வயசுல அவ கல்யாணத்துக்குக் கிளம்பி வந்தா. திரும்பிப் போகவே இல்ல.

கேத்தரின்னு சொன்னா எல்லாருக்கும் எட்டாம் ஹென்றியோட ஆறு பொண்டாட்டில மொத ஆளுன்னுதான் தெரியும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தெரியும். அப்புறம் அவ அக்காங்களைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன், அதுலேர்ந்து இந்தக் கதையே எனக்கு வேற மாதிரி ஆயிடுச்சு. அவ ஹென்றியோட மொத பொண்டாட்டிங்கறத விட இசபெல்லாவோட நாலாவது பொண்ணுங்கறதுதான் எனக்கு இப்போ பெருசாத் தெரியுது. அதத்தான் இன்னிக்கு எழுதலாம்னு உக்காந்தேன், நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

இன்னிக்கு ஸ்பெயின்னு சொல்ற எடத்துல அப்போ காஸ்டில், அரகான்னு தனித்தனி நாடு. பின்னாடி காஸ்டில் ராணியான இசபெல்லாவும் அரகான் நாட்டு பெர்டினாண்டும் 1469ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அஞ்சு பிள்ளைங்க தங்குச்சு. மூத்தவ பேரும் இசபெல்லா, அடுத்து ஒரே பையன் ஹுவான், அப்புறம் ஹுவானா, மரியா, கடைசியா கேத்தரின். அம்மா தானே சிம்மாசனத்துல உக்காந்து நாடு ஆண்டவங்க, பொண்ணுங்களுக்கு லத்தீன் சொல்லிக் குடுக்க வாத்தியார் வச்சாங்க, தையலும் கத்துக் குடுத்தாங்க. அப்படி வளர்த்த பொண்ணுங்களை பிரான்ஸைச் சுத்தி வேலி கட்டற மாதிரி ஒவ்வொரு நாட்டுக்கா அனுப்பினாங்க. ரெண்டு பேரு போர்ச்சுகலுக்கு, ஒருத்தி பிளாண்டர்ஸுக்கு, அதாவது இன்னிக்கு பெல்ஜியம் இருக்கற பக்கம், ஒருத்தி இங்கிலாந்துக்கு.

மூத்தவளுக்கு 1490ல போர்ச்சுகல் இளவரசன் அபோன்சோவோட கல்யாணம். அடுத்த வருஷம் ஜூலைல அவன் குதிரைலேர்ந்து விழுந்து செத்துப் போயிட்டான். இவ முடிய வெட்டிக்கிட்டு கறுப்புத் துணியோட அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து, எனக்கு இனிமே கல்யாணமே வேண்டாம், கன்னியாஸ்திரி மடத்துல சேத்து விட்டுடுங்கன்னு கேட்டா. விடல. ஆறு வருஷம் தாக்குப் பிடிச்சா, கடைசில 1497ல அதே போர்ச்சுகலுக்கு, புதுசா ராஜாவா வந்திருந்த மானுவேலுக்கே கட்டி வச்சாங்க. ஒண்ணு சொல்லாம விட்டா தப்பு, அவ அந்தக் கல்யாணத்துக்குப் போட்ட நிபந்தனை போர்ச்சுகல்ல இருக்கற யூதர்களையெல்லாம் வெளியேத்தணும்ங்கறது. பாவப்பட்ட பொண்ணுங்கறதால அந்தக் கொடுமை சின்னதாயிடாது. அடுத்த வருஷமே, 1498 ஆகஸ்ட்ல, ஒரு பையனைப் பெத்துட்டு அன்னிக்கே செத்துப் போனா. அந்தக் குழந்தையும் ரெண்டு வயசு ஆகறதுக்குள்ள போயிடுச்சு.

போர்ச்சுகல் உறவு கை விட்டுப் போயிடக் கூடாதுன்னு 1500ல தங்கச்சி மரியாவ அதே மானுவேலுக்குக் கட்டிக் குடுத்தாங்க. செத்துப் போன பொண்டாட்டியோட கூடப்பொறந்தவளைக் கட்டறதுக்கு போப் அனுமதிக் கடிதம் வேணும், கேட்டாங்க, குடுத்தாரு, முடிஞ்சுது. எங்க அப்பாயியும் அப்படி வந்தவங்கதான். அக்கா பிரசவத்துல போனதும் பதினேழு வயசுல அந்தக் குழந்தையப் பாத்துக்கறதுக்குன்னு கட்டி வச்சிருக்காங்க, 'அக்கா புடவையக் கட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குள்ள நொழஞ்சேன்'னு ஒரே ஒரு தடவ எங்கிட்ட சொல்லியிருக்காங்க, அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினதில்ல. மரியாவப் பத்தி யாரும் பெருசா எழுதறதில்ல, ஏன்னா அவ வாழ்க்கைல சண்டையில்ல, சச்சரவில்ல. பத்துப் பிள்ளை பெத்தா. 34 வயசுல, 1517ல, போய்ச் சேந்துட்டா. அந்த நாள் கணக்குப்படி அவதான் நல்லா வாழ்ந்தவ.

அதோட விடல. அடுத்த வருஷம் மானுவேல் மூணாவதா ஒரு கல்யாணம் பண்ணிக்கிட்டான், யார்னா ஹுவானாவோட மூத்த பொண்ணு எலியனோர், அதாவது செத்துப் போன ரெண்டு பொண்டாட்டிக்கும் அக்கா தங்கச்சி மக. அவன் மகனுக்குப் பாக்கலாம்னு பேசிக்கிட்டு இருந்த பொண்ணு அவ. அதுக்கும் அனுமதி கெடச்சுது. இத மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா இதே மாதிரி ஒரு அனுமதிக் கடிதத்த வச்சுத்தான் பின்னாடி கேத்தரின் வாழ்க்கைய ஏழு வருஷம் கிழிச்சாங்க.

நடுவுல மார்கரெட்டைப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன், அவ இவங்க வீட்டு மருமக, ஹுவானோட பொண்டாட்டி. ஆஸ்திரியா ராஜா வீட்டுப் பொண்ணு, மூணு வயசுலயே பிரான்ஸ் ராஜாவுக்குன்னு நிச்சயம் பண்ணி அங்கேயே வளர்த்தாங்க, அவன் வளந்ததும் வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டு இவளைத் திருப்பி அனுப்பிட்டான். அப்புறம் ஸ்பெயினுக்கு ஹுவானைக் கட்டிக்கக் கப்பல்ல வரும்போது பெரிய புயல், செத்துடுவோம்னு நெனச்சு தன் கல்லறைக்குத் தானே ரெண்டு வரி எழுதி வச்சா, ரெண்டு புருஷன் இருந்தும் கன்னியாவே செத்தவ மார்கோ இங்க கெடக்கறான்னு. பதினேழு வயசு. பொழச்சு வந்தா, கல்யாணம் ஆச்சு, ஆறு மாசத்துல ஹுவான் செத்துட்டான். அப்புறம் சவாய் நாட்டுக்குக் கட்டிக் குடுத்தாங்க, மூணே வருஷத்துல அவனும் போயிட்டான். அதுக்கப்புறம் அவ ஒரு முடிவெடுத்தா, இனிமே யாரு கேட்டாலும் கிடையாதுன்னு. இங்கிலாந்து ஏழாம் ஹென்றி பொண்ணு கேட்டாரு, மாட்டேன்னுட்டா. 1507லேர்ந்து நெதர்லாந்து பகுதிய அவதான் ஆண்டா, மெக்கலன்ல இருந்துக்கிட்டு. 1529ல பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடந்த சண்டைய அவளும் பிரெஞ்சு ராஜாவோட அம்மாவும் உக்காந்து பேசி முடிச்சாங்க, அந்த ஒப்பந்தத்துக்கு 'பெண்களோட சமாதானம்'னே பேரு. இவங்க எல்லார்லயும் தன் வாழ்க்கை தன் கைல இருந்தது மார்கரெட்டுக்கு மட்டும்தான்னு நெனைக்கறேன், அது மறுபடி யாரோட மனைவியாவும் ஆகாததால கெடச்சது.

கேத்தரின் சின்னப் பொண்ணா இருக்கும்போது இந்த அண்ணிகிட்டதான் பிரெஞ்சு பேசிப் பழகுன்னு இங்கிலாந்துலேர்ந்து சொல்லி விட்டாங்க, அங்க அரண்மனைப் பொம்பளைங்களுக்கு லத்தீனும் தெரியாது ஸ்பானிஷும் தெரியாதுன்னு. அதே கடிதத்துல இன்னொண்ணும் இருந்துச்சு, ஒயின் குடிக்கப் பழகிக்கோ, இங்க தண்ணி குடிக்கற மாதிரி இருக்காது. போற வீட்டுக்கு ஏத்த மாதிரி பொண்ண தயார் பண்ற அந்த வரியப் படிச்சப்போ எனக்கு தொண்டைல ஏதோ அடைச்ச மாதிரி இருந்துச்சு.

1501 அக்டோபர்ல பிளிமத்துல வந்து எறங்கினா. கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டுக்கு முகம் காட்டக் கூடாதுங்கறது ஸ்பெயின் வழக்கம். மாமனார் ஏழாம் ஹென்றி பாதி வழிலயே வந்து நின்னுக்கிட்டு, பாத்தே ஆகணும், தூங்கிக்கிட்டு இருந்தாலும் சரின்னு சொல்லிட்டாரு. முக்காட்டை எடுத்துக் காட்டினாங்க. நவம்பர் 14ம் தேதி லண்டன் செயின்ட் பால்ஸ்ல மூத்த பையன் ஆர்தரோட கல்யாணம். ரெண்டு பேருக்கும் பதினஞ்சு வயசு. வரதட்சணை 2,00,000 கிரவுன், பாதி கல்யாணத்தன்னிக்கே கைக்கு வந்துடுச்சு, மீதில ஒரு பங்கு அவ கொண்டு வந்த தங்க வெள்ளிப் பாத்திரமாவும் நகையாவும் பின்னாடி கணக்குல சேரும்னு பேச்சு. கல்யாணம் ஆகி அஞ்சு மாசம் கூட ஆகல, 1502 ஏப்ரல் 2ம் தேதி லட்லோ கோட்டைல ஆர்தர் காய்ச்சல்ல செத்துட்டான். அவளுக்கும் உடம்பு சரியில்லாமத்தான் இருந்துச்சு, பொழச்சுக்கிட்டா. மாமியார் எலிசபெத் மகன் செத்த துக்கத்துலயும் கறுப்பு வெல்வெட் போத்தின பல்லக்கு அனுப்பி மருமகளைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அந்த நல்ல மனுஷியும் அடுத்த பிப்ரவரில பிரசவத்துல போயிட்டாங்க.

அதுக்கப்புறம் ஏழு வருஷம் அவ பட்ட பாடு இருக்கே, அத யாரும் சரியா சொல்றதில்லன்னு எனக்கு ஒரு ஆதங்கம். கட்டின பாதிய திருப்பிக் குடுன்னு அவங்க வீடு, மீதியக் கட்டுன்னு இவங்க வீடு. மாமியார் செத்ததும் மாமனாரே இவளைக் கட்டிக்கலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு, இசபெல்லா அத உடனே அடிச்சு நிறுத்தினாங்க. கடைசில ரெண்டாவது பையன் ஹென்றிக்குன்னு 1503ல நிச்சயம் பண்ணினாங்க, அவனுக்கு அப்போ பன்னெண்டு வயசு ஆகப் போகுது. போப் இரண்டாம் ஜூலியஸ் அனுமதிக் கடிதம் குடுத்தாரு. 1504 நவம்பர்ல இசபெல்லா செத்துப் போனாங்க, அன்னிலேர்ந்து கேத்தரின் வெறும் அரகான் ராஜாவோட பொண்ணு, காஸ்டில் அவ பக்கம் இல்ல. அடுத்த வருஷமே மாமனார் பையனைக் கூப்பிட்டு, அந்த நிச்சயம் எனக்கு இஷ்டமில்லன்னு ரகசியமா எழுதி வாங்கி வச்சுக்கிட்டாரு.

டர்ஹாம் ஹவுஸ்ங்கற வீட்ல வேலைக்காரங்களுக்குச் சம்பளம் குடுக்க முடியாம, உள்பாவாடைக்குத் துணி வாங்க முடியாம கெடந்தா. அப்பாவுக்கு எழுதின கடிதம் இருக்கு, கை வளையலை வித்து ஒரு கறுப்பு வெல்வெட் கவுன் வாங்கினேன், ஸ்பெயின்லேர்ந்து வந்ததுலேர்ந்து புதுசா ரெண்டே டிரஸ்தான்னு. சாப்பாட்டுக்கு வித்த பாத்திரமெல்லாம் வரதட்சணைக் கணக்குல சேரவேண்டிய பாத்திரம், அதனால வித்தாலும் குத்தம். அம்மா கூட இல்லாத அந்தப் பொண்ணு இதுக்கு நடுவுல ஒரு காரியம் பண்ணினா. 1507ல அப்பாகிட்டயே தூதர் பதவி வாங்கிக்கிட்டு, ஸ்பெயின் நாட்டுத் தூதரா மாமனார் முன்னாடி உக்காந்து பேசினா. ஐரோப்பால அப்படி ஒரு வேலைக்கு வந்த மொத பொம்பளை அவதான்னு சொல்றாங்க.

இதுக்கு நடுவுல ஒரு சந்திப்பு. 1506 ஜனவரில ஹுவானாவும் அவ புருஷனும் ஸ்பெயினுக்குப் போற வழில புயல் அடிச்சு கப்பல் இங்கிலாந்துல ஒதுங்கிடுச்சு. வின்ட்சர்ல அக்காவும் தங்கச்சியும் பாத்துக்கிட்டாங்க. கிட்டத்தட்ட பத்து வருஷம் ஆச்சு பாத்து. கொஞ்ச நேரம்தான், மறு நாளே கேத்தரினை அங்கேர்ந்து அனுப்பிட்டாங்க. ரெண்டு பேரும் உயிரோட இருந்த மிச்ச முப்பது வருஷத்துல மறுபடி பாத்துக்கவே இல்ல. அந்தக் கொஞ்ச நேரத்துல என்ன பேசியிருப்பாங்கன்னு நான் எத்தனையோ ராத்திரி நெனச்சுப் பாத்திருக்கேன்.

ஹுவானா கதைக்கு வரேன். 1496ல பெரிய கப்பல் படையோட பிளாண்டர்ஸுக்குப் போனா, மார்கரெட்டோட அண்ணன் பிலிப்பைக் கட்டிக்க. எறங்கினப்போ மாப்பிள்ளை ஊர்லயே இல்ல. ஒரு மாசம் கழிச்சு லியர்ங்கற ஊருக்கு வந்தவன், பாத்த அன்னிக்கே பாதிரியாரக் கூப்பிட்டு தாலி கட்டாத குறையா கல்யாணத்த முடிச்சுக்கிட்டான். ஆறு பிள்ளைங்க. அவனுக்கு வேற பொம்பளைங்க சகவாசம், இவளுக்கு அது தாங்கல, கத்தினா, சாப்பிடாம கெடந்தா. அண்ணன் செத்து, மூத்த அக்கா செத்து, அக்கா பிள்ளையும் செத்ததால காஸ்டில் இவளுக்கு வந்துடுச்சு. அம்மா செத்த அன்னிலேர்ந்து இவதான் ராணி. அங்கதான் வினை. புருஷனுக்கு அந்த நாடு வேணும், அப்பாவுக்கும் வேணும். 1506 ஜூன்ல வில்லாபாபிலாங்கற எடத்துல மாமனாரும் மருமகனும் கையெழுத்துப் போட்டாங்க, ஹுவானாவால ஆள முடியாது, ஆள விருப்பமும் இல்லன்னு. அந்த ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு பேரும் ஒத்துப் போனாங்க. செப்டம்பர்ல பிலிப் திடீர்னு செத்துட்டான். வயித்துல ஆறாவது குழந்தையோட அவ பிலிப்போட சவப்பெட்டியைக் கூட்டிக்கிட்டு ராத்திரி ராத்திரியா காஸ்டில்ல அலைஞ்சா, அதத்தான் பைத்தியம்னு இன்னிக்கு வரைக்கும் படம் வரையறாங்க. 1509ல அப்பா அவளை டோர்டெசில்லாஸ் அரண்மனைல கொண்டு போய் அடைச்சாரு. அவளுக்கு இருபத்தொம்போது வயசு. 1555 ஏப்ரல்ல செத்து வெளிய வந்தா. நாப்பத்தாறு வருஷம்!

அவளுக்கு மனசு சரியில்லாம இருந்திருக்கலாம். நான் அத மறுக்கல. ஆனா புருஷனுக்கும், அப்பாவுக்கும், அப்புறம் வந்த மகனுக்கும், மூணு பேருக்குமே அவ பைத்தியமா இருக்கறது லாபம். மகன் சார்ல்ஸ் 1517ல வந்து பாத்தான், பாத்துட்டு பூட்டை அப்படியே விட்டுட்டுப் போனான். அவளோட இருந்த கடைசிப் பொண்ணு கத்தலீனாவ ராத்திரில செவத்துல ஓட்டை போட்டுத் தூக்கிட்டுப் போனாங்க, குழந்தையக் காணோம்னு தெரிஞ்சதும் இவ சாப்பிடவே மாட்டேன்னுட்டா, வேற வழியில்லாம திருப்பிக் கொண்டு வந்து விட்டாங்க. 1525ல அந்தப் பொண்ணையும் போர்ச்சுகல் ராஜாவுக்குக் கட்டிக் குடுத்துட்டாங்க. 1520ல காஸ்டில் ஊர்க்காரங்க சார்ல்ஸை எதிர்த்துக் கிளம்பி டோர்டெசில்லாஸுக்கே வந்து, தாயே ஒரு கையெழுத்துப் போடுங்க, ஆட்சி உங்களதுன்னு கெஞ்சினாங்க. அப்பதான் அவளுக்கு அப்பா செத்து நாலு வருஷம் ஆச்சுன்னே தெரிய வந்துச்சு, காவல் அதிகாரி அதுவரைக்கும் அவர் உயிரோட இருக்காருன்னே சொல்லிக்கிட்டு இருந்தான். அவ கையெழுத்துப் போடல. மகனுக்கு எதிரா ஒரு தாள்லயும் போடல. திரும்ப மகன் ஆளுங்க வந்தாங்க, திரும்ப பூட்டினாங்க.

அவளை ராணி இல்லன்னு மட்டும் யாரும் சொல்லலங்க. சொல்லவும் முடியாது, ஏன்னா காஸ்டில் அவளது. அரசாணைல எல்லாம் மகன் பேரோட அவ பேரும் ராணின்னு இருக்கும். 1536லேர்ந்து மெக்சிகோல அடிச்ச வெள்ளிக் காசுல கூட சார்ல்ஸ், ஹுவானான்னு ரெண்டு பேரும் இருக்கு. கடல் தாண்டி அவ பேர் போட்ட காசு கை மாறிக்கிட்டு இருக்கு, அவ ஒரு அரண்மனை வாசப்படியத் தாண்ட முடியல.

தங்கச்சிக்கு நடந்தது நேர் எதிர்.

1509ல மாமனார் செத்ததும் பதினெட்டு வயசு ஆகப் போற ஹென்றி இவளைக் கட்டிக்கிட்டான், விரும்பித்தான் கட்டினான், முதல் பத்து வருஷம் அது நல்ல வாழ்க்கைன்னுதான் சொல்லணும். 1513ல அவன் பிரான்ஸ்ல சண்டைக்குப் போனப்போ நாட்ட அவ கைலதான் குடுத்துட்டுப் போனான். ஸ்காட்லாந்து ராஜா நாலாம் ஜேம்ஸ் படையெடுத்து வந்தான், பிளாடன்ல அவனைக் கொன்னாங்க, ரத்தக் கறையோட இருந்த அவன் சட்டைய கேத்தரின் ஹென்றிக்கு அனுப்பி வச்சா. அந்த ஜேம்ஸோட பொண்டாட்டி ஹென்றியோட சொந்த அக்கா, அதையும் நெனச்சுப் பாருங்க. ஆனா குழந்தை தங்கல. 1511 புத்தாண்டு அன்னிக்குப் பொறந்த பையன் 52 நாள் இருந்தான். அவனுக்கு முன்னாடியும் பின்னாடியும் செத்தே பொறந்ததும், பொறந்து போனதும். 1516ல பொறந்த மேரி ஒருத்திதான் நின்னா.

1527 வாக்குல ஹென்றிக்கு ஆன் பொலின் மேல மனசு போயிடுச்சு, கூடவே பையன் வேணும்ங்கற கவலை. அண்ணன் பொண்டாட்டியக் கட்டினா குழந்தை தங்காதுன்னு பைபிள்ல ஒரு வரி இருக்கறத பிடிச்சுக்கிட்டான். பிள்ளை இல்லாம செத்தவனோட பொண்டாட்டிய தம்பி கட்டிக்கணும்னும் அதே பைபிள்ல இன்னொரு எடத்துல இருக்கு. போர்ச்சுகல்ல அக்காவுக்கு அப்புறம் தங்கச்சி, தங்கச்சிக்கு அப்புறம் அக்கா மகன்னு மூணு கல்யாணம் போப் கடிதத்தோட நடந்துச்சு, ஒருத்தரும் வாயத் திறக்கல. மரியாவுக்குப் பத்துப் பிள்ளை இருந்துச்சு, கேள்வியே வரல. ஆன் பொலினை நான் வில்லியா பாக்கல, 1513ல சின்னப் பொண்ணா மெக்கலன்ல மார்கரெட் அரண்மனைலதான் அவளும் வளந்தா, கேத்தரின் போய்ச் சேந்த அதே 1536ல மே மாசம் அவ தலையும் போச்சு.

போப்போட தூதர் காம்பெஜியோ வந்து கேத்தரின்கிட்ட ஒரு வழி சொன்னாரு, நீங்களா மடத்துல சேந்துடுங்க, எல்லாம் சுமுகமா முடிஞ்சுடும். மூத்த அக்கா மடத்துக்குப் போறேன்னு அழுதப்போ விடல. இவ மாட்டேன்னு சொல்றப்போ போன்னு கெஞ்சறாங்க. கடவுள் எனக்கு குடுத்தது கல்யாண வாழ்க்கை, அதுல வாழ்ந்து அதுலயே சாவேன்னுட்டா. 1529 ஜூன்ல பிளாக்பிரையர்ஸ்ல கோர்ட் கூடினப்போ நேரா ஹென்றிகிட்ட நடந்து போய் முட்டி போட்டா, இருபது வருஷமா உண்மையான மனைவியா இருந்திருக்கேன், உங்ககிட்ட வந்தப்போ நான் கன்னிதான், அது உண்மையா இல்லையான்னு உங்க மனசாட்சிகிட்டயே விடறேன்னு சொல்லிட்டு எழுந்து வெளிய போனா. மூணு தடவ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, திரும்பல.

அவளுக்குப் பின்னால நின்னது யாரு தெரியுமா, சார்ல்ஸ். ஹுவானாவோட மகன், இப்போ பேரரசர். அவன் படை 1527ல ரோமையே சூறையாடிடுச்சு, போப் அவன் கைக்குள்ள. எங்க சித்தி இங்கிலாந்து ராணி, அத யாரும் மாத்தக் கூடாதுன்னு ஆறேழு வருஷம் விடாம நின்னான். அதே நேரத்துல அவன் அம்மா, அவளும் ராணிதான், அவன் பூட்டின வீட்ல இருக்கா. இந்த எடத்துக்கு வந்தப்பதான் எனக்கு ரெண்டு கதையும் ஒரே கதையாத் தெரிஞ்சுது. அக்காவோட பேரை வச்சுக்கிட்டு ஆளை அடைச்சாங்க. தங்கச்சிகிட்டேர்ந்து பேரைப் பிடுங்கப் பாத்தாங்க. சித்திக்கு அந்தப் பேரு இருந்தா சார்ல்ஸுக்கு நல்லது, அம்மா வெளிய வராம இருந்தா சார்ல்ஸுக்கு நல்லது. அவனுக்கு சித்தி மேல பாசம் இருந்திருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா போப் அந்தக் கல்யாணம் செல்லும்னு தீர்ப்பு குடுத்தது 1534 மார்ச்ல, அதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சு போச்சு.

1531லயே அவளை அரண்மனைலேர்ந்து அனுப்பியாச்சு. மகளைப் பாக்க விடல. அப்புறம் வேற வேற வீடு, ஒவ்வொண்ணும் முன்னத விட ஈரமா, தள்ளியா. 1533ல இனிமே நீங்க ராணி இல்ல, ஆர்தரோட விதவை இளவரசின்னு எழுதிக் கொண்டு வந்து படிச்சுக் காட்டினாங்க. அவ பேனாவ வாங்கி அந்தப் பட்டம் எங்கெல்லாம் இருந்துச்சோ அங்கெல்லாம் கோடு போட்டு அடிச்சா. அந்தக் கோட்ட நெனச்சாலே எனக்கு உடம்பு சிலிர்க்குது. 1535ல மேரிக்கு உடம்பு ரொம்ப மோசமாச்சு, எங்கிட்ட அனுப்புங்க, என் படுக்கையிலயே போட்டு என் கையாலயே பாத்துக்கறேன்னு எழுதினா. அனுப்பல. ராணிங்கற பேரை விட்டுக் குடுத்திருந்தா மகளைப் பாத்திருக்கலாம்னு சிலர் சொல்றாங்க, பிடிவாதக்காரின்னு சொல்றாங்க. அந்தப் பேரை விட்டா மேரி முறை தவறிப் பொறந்தவன்னு அம்மாவே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். எந்தப் பக்கம் போனாலும் பொண்ணுதான் பலி.

மரியா டி சலினாஸைப் பத்தி சொல்லாம முடிக்க மாட்டேன். ஸ்பெயின்காரி, டர்ஹாம் ஹவுஸ் வறுமைலயும் கூட இருந்தவ, அப்புறம் ஒரு இங்கிலீஷ் பிரபுவைக் கட்டிக்கிட்டா. 1532ல கேத்தரின்கிட்டயே போகக் கூடாதுன்னு அவளுக்கு உத்தரவு. 1535 கடைசில கேத்தரின் சாகக் கெடக்கான்னு கேள்விப்பட்டு அனுமதி கேட்டா, கெடைக்கல. கெடைக்கலன்னாலும் கிளம்பிட்டா, குளிர்காலத்துல குதிரைல. புத்தாண்டு ராத்திரி கிம்போல்டன் கோட்டை வாசல்ல வந்து நின்னு, வழில குதிரைலேர்ந்து விழுந்துட்டேன், அனுமதிக் கடிதம் பின்னாடி வந்துக்கிட்டு இருக்குன்னு சொல்லி உள்ள போயிட்டா. அப்புறம் கேத்தரின் கண்ண மூடற வரைக்கும் அந்த ரூமை விட்டு அவளை யாராலயும் அசைக்க முடியல. 1536 ஜனவரி 7ம் தேதி. அம்மாவும் இல்ல, அக்காவும் இல்ல, மகளும் இல்ல, கூட வந்த தோழி மட்டும் பக்கத்துல.

சாகறதுக்கு முன்னாடி அவ உயில் எழுதல. இங்கிலாந்து சட்டப்படி புருஷன் உயிரோட இருக்கும்போது மனைவி உயில் எழுத முடியாது. விதவை எழுதலாம். அவங்க சொல்ற மாதிரி அவ ஆர்தரோட விதவைன்னா எழுதிட்டுப் போகலாமே. அவ டாக்டர வச்சு ஒரு கோரிக்கைப் பட்டியல் மட்டும் எழுத வச்சா, மனைவி புருஷன்கிட்ட கேக்கற மாதிரி. வேலைக்காரங்க சம்பள பாக்கிய குடுத்துடுங்க, எனக்காக 500 பூசை வைங்க, யாராவது ஒருத்தர வால்சிங்காம் மாதா கோயிலுக்கு அனுப்புங்க, ஸ்பெயின்லேர்ந்து நான் கொண்டு வந்த தங்கக் கழுத்தணிய என் மகளுக்குக் குடுங்க. முப்பத்தஞ்சு வருஷமா அத வச்சிருந்திருக்கா. டர்ஹாம் ஹவுஸ்ல சாப்பாட்டுக்குப் பாத்திரத்த வித்தப்போ கூட அத விக்கல.

பீட்டர்பரோல அவளை விதவை இளவரசின்னுதான் புதைச்சாங்க, அதனாலயே சார்ல்ஸோட தூதர் சடங்குக்குப் போகல. அந்தக் கல்லறையையும் 1643ல, உள்நாட்டுப் போர் நடந்தப்போ, ராஜாவை எதிர்த்துச் சண்டை போட்ட கிராம்வெல்லோட சிப்பாய்ங்க ஒடச்சுப் போட்டாங்க. இப்போ இருக்கற கல்லு 19ம் நூற்றாண்டு கடைசில வச்சது, கேத்தரின்னு பேரு வச்ச பொம்பளைங்ககிட்ட எல்லாம் கேட்டுக் கேட்டு பணம் சேத்து வச்சிருக்காங்க. அத அங்கயிருந்த ஒரு வயசான கைடு அம்மாதான் எங்கிட்ட சொன்னாங்க. எங்கேர்ந்து வரேன்னு கேட்டாங்க, சொன்னேன். இவ்ளோ தூரமா, இவங்களுக்காகவான்னாங்க. ஆமான்னேன். கடைக்குப் போயி பழம் வாங்கிட்டு வர நேரம் இருக்கான்னு கேட்டேன், மூட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, போயிட்டு வாங்கன்னாங்க.